சிறு குற்றங்களும் பிணையும்: செங்கல்பட்டு வட்டார வரலாறு

குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், விசாரணைக்கு அழைக்கும்போது தவறாமல் வந்து நிற்பதாகக் கொடுக்கும் உறுதியின் பேரில் காவலிலிருந்து விடுவிக்கப்படுவதே பிணை. பேச்சு வழக்கில் இது ஜாமீன் எனப்படுகிறது. பிணை தண்டனையும் அன்று, மன்னிப்பும் அன்று. வழக்கு முடியும்வரை ஒருவர் வீட்டிலிருந்து நீதிமன்றத்துக்கு வருவதா, சிறையிலிருந்து வருவதா என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. கொலை, கொள்ளை போன்ற வழக்குகளில் பிணை பற்றி நாளிதழ்கள் விரிவாக எழுதுகின்றன. ஆடு திருட்டு, கைகலப்பு, சந்தேகத்தின் பேரில் கைது போன்ற சிறு வழக்குகளில் பிணை கிடைக்காமல் உள்ளே இருப்பவர்களைப் பற்றி எழுதப்படுவது குறைவு. செங்கல்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும் சேர்ந்த வட்டாரத்தில் இந்தச் சிறு வழக்குகளின் வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நீள்கிறது.

சொல்லும் பழைய வழக்கமும்

ஜாமீன் என்பது அரபு மூலத்திலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். பிணை தமிழ்ச்சொல், பிணைத்தல், அதாவது கட்டுதல் என்னும் வினையோடு தொடர்புடையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இது 'புணை' என வருகிறது. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க நெய் அளப்பதாக ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையருக்கு வேறொருவர் புணை நின்றதை அக்கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. அப்படி நின்றவர் பெரும்பாலும் அதே தொழிலைச் செய்த மற்றோர் இடையர். அங்கே ஈடாக வைக்கப்பட்டது அவருடைய சொல்லும் உறவும். இக்காலத்தில் பிணைதாரர் என்றால் வீட்டு வரி ரசீது வைத்திருப்பவர் என்று பொருளாகிவிட்டது. இந்த மாற்றம் எப்போது, எப்படி வந்தது என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

தொழுமரக் காலம்

ஆர்க்காட்டு நவாப் 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த ஜாகீர் நிலமே பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமானது. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது.

தாமஸ் மன்றோ தலைமையிலான நீதித்துறைக் குழுவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் 11-ஆம் சட்டம் கிராமத் தலைவருக்குச் சிறு குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தை அளித்தது. வசைச்சொல், சிறு அடிதடி ஆகியவற்றுக்கு அவர் ஒருவரைக் கிராமச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி 'தாழ்ந்த சாதியினர்' என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். தொழுமரம் என்பது கால்களை ஓட்டைகளில் நுழைத்துப் பூட்டும் கனத்த மரக்கட்டை. ஒரே குற்றம், இரண்டு வகைத் தண்டனை. வேறுபாடு குற்றத்தில் இல்லை, செய்தவர் யார் என்பதில் இருந்தது. இதைச் சட்டத்தின் எழுத்திலேயே வெளிப்படையாக எழுதிவைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் வந்த சட்டங்கள் அப்படி எழுதவில்லை.

விசாரணைக்கு முன்பே ஆளை அடித்து உண்மையை வாங்கும் வழக்கம் மாகாணம் முழுவதும் பரவியிருந்ததை, 1855-இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது. அதன் விளைவுகளுள் ஒன்று 1859-ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம். வருவாய்த் துறையின் கையிலிருந்து காவல் பணி பிரிக்கப்பட்டது.

அட்டவணை பிறந்தது

1861-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்கு மேல் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது என்னும் விதி அதில் இடம்பெற்றது. ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே 'பிணையில் விடத்தக்கது', 'பிணையில் விடத்தகாதது' என்று குறிக்கும் அட்டவணையும் அதில் இருந்தது. இந்த அட்டவணை முறை 1872, 1882, 1898, 1973 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வழியாக இன்றுவரை தொடர்கிறது. பிணையில் விடத்தக்க குற்றமானால் பிணை உரிமை. காவல் நிலையத்திலேயே பெறலாம். இதையே மக்கள் 'ஸ்டேஷன் ஜாமீன்' என்கிறார்கள். விடத்தகாத குற்றமானால் நடுவரின் முடிவு.

இந்த அட்டவணையை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு, அசட்டையால் மரணம் விளைவித்தல். அது பிணையில் விடத்தக்கதாக இருந்தது. 379-ஆம் பிரிவு, திருட்டு; அது விடத்தகாததாக இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டிச்சென்று பாதசாரி ஒருவரின் இறப்புக்குக் காரணமானவர் அன்று மாலையே நிலையப் பிணையில் வீடு திரும்ப முடிந்தது. அதே சாலையோரத்தில் ஓர் ஆட்டைப் பிடித்துச் சென்றதாகச் சொல்லப்பட்டவர் நீதிமன்றக் காவலுக்குப் போக வேண்டியிருந்தது. உடைமைக்கு எதிரான குற்றத்தை அட்டவணை எவ்வளவு கடுமையாகப் பார்த்தது என்பதற்கு இந்த இரண்டு வரிகளே போதும்.

இவற்றுக்கும் கீழே 'பெட்டி கேஸ்' எனப்படும் மிகச் சிறிய வழக்குகள் உள்ளன. பெட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிறியது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் தமிழ் ஒலிப்பு அது. பொது இடத்தில் தொல்லை தருவோர் மீது 1889-ஆம் ஆண்டின் நகரத் தொல்லைகள் சட்டத்தின் கீழ் போடப்படும் வழக்குகள் இவ்வகை. பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும்.

கொத்தனாரின் வழக்கு

பிணை உத்தரவு கிடைத்தும் வெளியே வர முடியாத நிலையை உச்சநீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது 1978-இல், மோதிராம் எதிர் மத்தியப் பிரதேச மாநிலம் என்ற வழக்கில். மோதிராம் ஒரு கொத்தனார். அவரைப் பிணையில் விட உச்சநீதிமன்றம் ஏற்கெனவே உத்தரவிட்டிருந்தது. கீழ்நீதிமன்ற நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணைதாரர் கேட்டார். மோதிராமின் சகோதரர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவரை ஏற்க நடுவர் மறுத்தார்.

இவ்வழக்கில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டு அருகே பிறந்து, தலச்சேரியில் வழக்கறிஞராகப் பணியாற்றி, 1957-இல் கேரள அமைச்சராக இருந்தவர். வடக்கே எங்கோ ஓர் ஊரில் கைதாகும் ஒரு மலையாளியோ தமிழரோ அந்த மாவட்டத்துப் பிணைதாரருக்கு எங்கே போவார் என்று அத்தீர்ப்பில் அவர் கேட்டார். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் மோதிராமை விடுவிக்க உத்தரவிட்டார். பிணை என்னும் சொல் பிணைதாரர் இல்லாத விடுதலையையும் உள்ளடக்கும் என்பது அத்தீர்ப்பின் முக்கியக் கருத்து. அடுத்த ஆண்டு, பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பற்றிய உசைனாரா கத்தூன் வழக்கில் நீதிபதி பி. என். பகவதி இதை மேலும் விரித்தார். சொத்தைப் பார்க்காமல், ஊரில் எத்தனை காலமாக வாழ்கிறார், வேலை என்ன, குடும்பம் எங்கே என்று பார்த்துச் சொந்தப் பிணையில் விடலாம் என்றார்.

இந்தச் சிந்தனைக்கு வெளிநாட்டு முன்னோடியும் உண்டு. 1961-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேரா அறக்கட்டளை ஒரு சோதனையைத் தொடங்கியது. கைதானவர்களிடம் முகவரி, வேலை, உறவினர் பற்றிய சில கேள்விகளைக் கேட்டு, ஊரில் வேர் உள்ளவர்களைப் பணம் கட்டச் சொல்லாமல் விடுவிக்குமாறு நீதிபதியிடம் பரிந்துரைத்தார்கள். அப்படி விடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் விசாரணைக்குத் திரும்பி வந்தார்கள். 1966-இல் அமெரிக்காவின் பிணைச் சீர்திருத்தச் சட்டத்துக்கு இது வழிவகுத்தது.

இந்தியாவில் சட்டம் மாற மேலும் காலம் பிடித்தது. 2005-இல் நிறைவேறி 2006-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் பிணைதாரரைக் கொடுக்க முடியாவிட்டால் அவரை வறியவர் எனக் கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் சிறையில் கழித்தவரைச் சொந்தப் பிணையில் விட வகைசெய்யும் 436-ஏ பிரிவும் அப்போதுதான் வந்தது. முதலாவது விதி திருட்டு வழக்குக்குப் பொருந்தாது. திருட்டு, அட்டவணையின் மறுபக்கத்தில் இருந்தது.

கடற்கரையில் பிணைதாரர்

மாமல்லபுரம் திருக்கழுக்குன்றம் வட்டத்தைச் சேர்ந்தது. இப்பகுதியின் மீனவர் குப்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் ஒருவர் கைதானால் குடும்பத்தினர் முதலில் தேடுவது வழக்கறிஞரை. அடுத்து இரண்டு பிணைதாரர்களை. தமிழக நீதிமன்றங்களில் இருவரைக் கேட்பதும், அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனைகள். ஆதார், குடும்ப அட்டை, சொத்து அல்லது வருமானத்துக்கான சான்று ஆகியவை வேண்டும். புறம்போக்கில் குடியிருப்பவரிடம் வீட்டு வரி ரசீது இருக்காது. அவருடைய இரத்த உறவினரும் பெரும்பாலும் அடுத்த குடிசையில், அதே புறம்போக்கில்தான் இருப்பார். இந்த இடைவெளியில்தான், பணம் வாங்கிக்கொண்டு யாருக்கும் கையெழுத்துப் போடும் தொழில்முறைப் பிணைதாரர்கள் முளைக்கிறார்கள். முன்பின் தெரியாத அவர்கள் நிற்பதால் பிணையின் நோக்கமே அடிபட்டுப் போகிறது. கல்வெட்டு இடையரின் புணை இதைவிட உறுதியானது எனலாம்.

இருளரின் நிலை இன்னும் கடினமானது. பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இம்மக்களுக்காக 1978-இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் உள்ளது. பாம்பு நஞ்சு எடுத்து மருந்து தயாரிப்புக்கு வழங்கும் அச்சங்கம் உலக அளவில் அறியப்பட்டது. ஆனால் அச்சங்கத்துக்கு வெளியே செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் கூலிக்கு இருப்பவர்களே மிகுதி. துப்புத் துலங்காத பழைய திருட்டு வழக்குகளைத் தங்கள் மீது சேர்த்துப் போடுகிறார்கள் என்பது வட தமிழகத்து இருளர் அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறையீடு.

வெளியே வந்த பின்னும் நிபந்தனைகள் உண்டு. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திடுவது அவற்றுள் பரவலானது. அலுவலக நேரத்தை வைத்து வகுத்த நிபந்தனை இது. விடியலுக்கு முன் படகை இறக்குபவர், மீன் நிறைய விழுந்த நாளில் 10.30-க்குக் கரையில் இருக்க முடியாது. கூலி வேலைக்குப் போகிறவர் அரை நாள் கூலியை விட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பிணையை ரத்து செய்யக் கோரக் காரணமாகும்.

பிணை கிடைக்காதவர் கிளைச் சிறைக்கோ புழல் மத்திய சிறைக்கோ போகிறார். மாமல்லபுரத்திலிருந்து புழலுக்கு ஏறத்தாழ 70 கி.மீ. பார்க்கப் போகும் மனைவிக்கு அன்றைய கூலியும் போய்விடும். இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள் என்பதை அரசின் சிறைப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன.

செங்கல்பட்டின் சிறுவர் இல்லம்

பெரியவர்களுக்கான சட்டம் இப்படி மெதுவாக நகர்ந்தபோது, சிறுவர்களுக்கான சட்டம் வேறு பாதையில் சென்றது. அந்தப் பாதையின் தொடக்கம் செங்கல்பட்டிலேயே உள்ளது. 1876-ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டத்தின்படி 1887-இல் இங்கு ஒரு சீர்திருத்தப் பள்ளி நிறுவப்பட்டது. சிறுவர்களைப் பெரிய குற்றவாளிகளோடு சிறையில் அடைக்காமல் தொழில் கற்பிப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் 1897-இல் வந்த புதிய சட்டத்தின்படி அங்கு வைக்கும் காலம் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை. பெரியவர் ஒருவருக்குச் சில மாதச் சிறையோடு முடியக்கூடிய சிறு திருட்டுக்கு, சிறுவன் ஒருவன் திருத்தப்படுவதற்காக ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்க நேர்ந்தது.

1920-இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. அதற்கு மாதிரி இங்கிலாந்தின் 1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம். கைதான சிறுவனைக் காவல் நிலையத்திலிருந்தே விடுவிக்க வேண்டும் என்று அந்த ஆங்கிலச் சட்டம் சொன்னது. சில விலக்குகளையும் அது வைத்தது: குற்றம் கொடியதாக இருந்தால், விட்டால் பேர்போன குற்றவாளிகளோடு சேர்வான் என்றால், விடுவிப்பது நீதியின் நோக்கத்தைக் கெடுக்கும் என்றால் விடவேண்டியதில்லை.

1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்த இளைஞர் நீதிச் சட்டங்கள் இன்னும் ஒரு படி சென்றன. இப்போதுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் மீதான குற்றம் பிணையில் விடத்தக்கதா தகாததா என்பதே பொருட்டில்லை. பிணைதாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விட வேண்டும். அல்லது நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம். அட்டவணையும் சொத்தும் ஒரே பிரிவில் தள்ளி வைக்கப்பட்டன. மோதிராம் வழக்கில் கிருஷ்ணய்யர் பெரியவர்களுக்குக் கேட்டது சிறுவர்களுக்குச் சட்டமாகவே கிடைத்தது. ஆனால் 1908-ஆம் ஆண்டின் விலக்குகளுள் இரண்டு, சற்று மாறிய சொற்களில், அப்பிரிவில் இன்னும் இருக்கின்றன. குற்றவாளிகளோடு சேரக்கூடும், நீதியின் நோக்கம் கெடும் என்பவையே அவை. சிறுவனுக்கு ஒழுக்க, உடல், மன அளவில் ஆபத்து நேரலாம் என்பது கூடுதலாகச் சேர்ந்தது. ஏழைச் சிறுவன் வாழும் தெருவையே ஆபத்தான இடமாகக் கருதிவிட்டால், அவனைக் காக்கும் பெயரிலேயே இல்லத்தில் வைத்துவிட முடியும்.

இச்சட்டத்தின் கீழ் 3 ஆண்டு வரை தண்டனைக்குரியது 'சிறு குற்றம்'. சாதாரணத் திருட்டு இதில் அடங்கும். கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் முதல் தகவல் அறிக்கையே பதியக்கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும் என்று 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன.

2022 டிசம்பர்

2022 டிசம்பர் இறுதியில் தாம்பரம் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவர் ஒருவரை, பேட்டரி திருடியதாக ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்தனர். அவர் செங்கல்பட்டில் உள்ள அரசு இல்லத்தில் வைக்கப்பட்டார். சில நாள்களிலேயே இறந்தார். உடலில் காயங்கள் இருந்தது தெரியவந்தபின், 2023 ஜனவரியில் இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர்.

இச்செய்தியை எழுதிய நாளிதழ்கள் அந்த இடத்தைக் கூர்நோக்கு இல்லம் என்றும் சீர்திருத்தப் பள்ளி என்றும் மாறி மாறிக் குறிப்பிட்டன. சட்டப்படி விசாரணை முடியும்வரை வைக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின் அனுப்பும் இடம் சிறப்பு இல்லம். பொதுமக்கள் பேச்சில் இரண்டும் இன்னும் 1887-இன் பெயரிலேயே வழங்குகின்றன. அங்கு இருப்பவன் ஏற்கெனவே தவறு செய்தவன் என்ற எண்ணமும் அப்பெயரோடு சேர்ந்தே வருகிறது.

ரயில்வே உடைமையைச் சட்டவிரோதமாக வைத்திருத்தலுக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் முதல் முறைக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு. இதில் எந்தப் பிரிவைப் போட்டாலும் 12-ஆம் பிரிவு தரும் பிணை மாறுவதில்லை. பிணை நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாத சிறுவரை, நிபந்தனையை மாற்றியமைப்பதற்காக மீண்டும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ள ஏற்பாடு. அந்த ஏழு நாளும் ஆவதற்குள் இந்தச் சிறுவரின் உயிர் போய்விட்டது.

இதையடுத்துத் தமிழ்நாடு அரசு 2023-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அமைத்தது. மாநிலத்தின் சிறுவர் இல்லங்களை ஆராய்ந்து அதே ஆண்டில் அவர் அறிக்கை அளித்தார். இல்லங்களை நிர்வகிக்கத் தனித்துறை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

அண்மைய மாற்றங்கள்

2023 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றம் பிணை தொடர்பாகச் சில வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பிணை உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர்ப் பிணைதாரரே வேண்டும் என்ற நிபந்தனை கூடாது. 45 ஆண்டுகளுக்கு முன் மோதிராம் வழக்கில் சொன்னதை மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டில் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது விசாரணைக் கைதி ஒருவருக்குப் பிணைத் தொகையாக 40,000 ரூபாய் வரை வழங்க அதில் வகை செய்யப்பட்டது. பணம் கட்டச் சொல்லும் நீதிமன்றத்தில் இது பயன்படும். இரண்டு ஆள்களைக் கொண்டுவரச் சொல்லும் நீதிமன்றத்தில் எவ்வளவு பயன்படும் என்பது ஐயமே.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் சட்டங்கள் அட்டவணையில் ஒரு முக்கிய வரியை மாற்றின. 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள திருட்டு பிணையில் விடத்தக்கதாகிவிட்டது. முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை. ஆடு 5,000 ரூபாய்க்குமேல் விற்கும் இக்காலத்தில் கோழித் திருட்டுக்கே இது முழுமையாகப் பொருந்தும் என்றாலும், 1861 முதல் வந்த வழக்கத்தில் இது பெரிய மாற்றம். அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்த முதல்முறைக் கைதியைச் சொந்தப் பிணையில் விட 479-ஆம் பிரிவு வகைசெய்கிறது. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கு இச்சலுகை இல்லை என்கிறது. பழைய திருட்டு வழக்குகள் சேர்த்துப் போடப்பட்டதாக முறையிடும் இருளர் ஒருவருக்கு, அந்தச் சேர்க்கையே இனிக் கதவடைக்கும் காரணமாகும்.